பங்களா ஸ்கோன் நம்ம அடுப்பிலும் வேகும்

துரை பங்களாவில் அப்பு சுடுகிற ஸ்கோனைத் தட்டில் பார்த்தவர்கள் நம்மில் பலர், ருசி பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அது ஸ்கொட்லாந்துப் பலகாரம். 1867 இல் லூல்கந்துரவில் வியாபாரத்துக்கென்று முதன்முதல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டுக்காரரே. பெரிய வித்தை ஒன்றுமில்லை. மா, மாஜரின், கொஞ்சம் பழம், அவ்வளவுதான்.

முதலில் மாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும், இரவிலும் ரொட்டி என்றுதான் நம்ம பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் 100 கிலோ கோதுமையில் வெள்ளை மாவாக வருவது ஏறக்குறைய 75 கிலோ. மிச்சமான தவிடும் முளையும் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் அதிகம் இருப்பது அந்த மிச்சத்தில்தான். மாடு கொழுக்கிறது, நாம் வெளுத்துப் போகிறோம்!

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம உறவுக் குடும்பங்கள் உண்டு. அந்த வாவிக்கரை ஊர்களில் அரிசியை இடித்தோ மில்லில் கொடுத்தோ மாவாக்கிப் பிட்டு அவிப்பது வழக்கம். முழுக் கோதுமையையும் அப்படியே அரைக்கலாம். கல் பொறுக்கி, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மூடுபனி நாளில் அடுப்பு மேலே காயப் போடலாம். மிளகாய் அரைத்த கையோடு அரைக்க வேண்டாம் என்று மில்காரரிடம் சொல்லுங்கள். சூடு ஆறிய பிறகே டின்னில் போடவும். முளையில் எண்ணெய் இருப்பதால் இந்த மா சீக்கிரம் காறும். இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் போதும். சலித்துத் தவிட்டை வீசினால் பட்ட பாடெல்லாம் வீண்.

மா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, சீனி 2 மேசைக்கரண்டி. இதில் மாஜரின் 50 கிராம் போட்டு விரல் நுனியால் புட்டு மா போல உதிர்க்கவும். கடையில் பிளம்ஸ் என்று தருகிற முந்திரிகை வத்தல் ஒரு கைப்பிடி சேருங்கள். பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்டாலும் சரி. தயிரும் பாலும் கலந்து ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் ஊற்றவும். மட்டக்களப்பு எருமைத் தயிர் யாராவது கொண்டுவந்தால் அதைவிட வேறு வேண்டாம். ரொட்டிக்குப் பிசைகிற கை இதற்கு ஆகாது, பிசைந்தால் கல்லாகிவிடும். சேர்த்து எடுத்தால் போதும். தவிடு ஈரம் குடிக்கும், அதனால் 10 நிமிடம் மூடி வைக்கவும். பிறகு ஒரு அங்குலத் தடிப்பில் தட்டி வெட்டுங்கள்.

அவன் இல்லையே என்று கவலை வேண்டாம். தடித்த சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் எண்ணெய் தடவிய தட்டை வையுங்கள். தகர மூடியால் மூடி, மேலே சிரட்டைத் தணலோ மிலாறுத் தணலோ போடுங்கள். 20, 25 நிமிடத்தில் மேலே சிவந்துவிடும். நெருப்புக் கிட்ட பிள்ளைகளை விடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இரத்தச்சோகைக்கு கிளினிக்கில் தருகிற குளிசையை இது ஈடு செய்யாது. சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். துரைமார் ஸ்கோனோடு தேத்தண்ணி குடிப்பார்கள், நாம் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம். பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுங்கள்.