ஸப்ரும் வேண்டும், கேட்கும் வாயும் வேண்டும்



2018 ஆம் ஆண்டு உம்ராவை நிறைவேற்றிவிட்டு நாடு திரும்பிய ஒரு குழுவுக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன். குழுவில் பெரும்பாலோர் பெண்கள். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் இறங்கி, மூன்று மணித்தியாலம் தங்கி, அடுத்த விமானத்தில் கொழும்பு வர வேண்டும். ஆனால் அந்த விமானத்தில் ஏதோ இயந்திரக் கோளாறு. "இன்னும் ஒரு மணித்தியாலம்" என்றார்கள். பிறகு "இன்னும் இரண்டு" என்றார்கள். இஷா முடிந்து நடுநிசியும் தாண்டிவிட்டது. கையில் ரியால் தீர்ந்திருந்தது. சீனி வருத்தம் உள்ள ஒரு மூதாட்டி நாற்காலியில் சாய்ந்தபடி நடுங்கத் தொடங்கினார். ஒரு சகோதரியின் குழந்தைக்குப் பால்மா முடிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? ஸப்ரைப் பற்றி ஒரு சிறு உபதேசம் செய்தேன்.

அப்போது காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு ராத்தா எழுந்து வந்தார். பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். "ஹஸ்ரத், ஸப்ர் செய்யச் சொல்றீங்க, சரி. அந்தக் கவுண்டர்ல போய் ஒருக்காக் கேட்டுப் பார்த்தீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. அவரே போனார். வீட்டு எஜமானிகளிடம் கற்றுக்கொண்ட பேச்சு அரபியில், குரலை உயர்த்தாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசினார். அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் சாப்பாட்டுச் சீட்டு வந்தது. முதியவர்களுக்கும் குழந்தையுள்ள தாய்க்கும் தங்கும் அறை கிடைத்தது. கவுண்டரில் இருந்தவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது: "நீங்கள் யாருமே கேட்கவில்லையே!"

இருபது வருடமாக மத்ரஸாவில் அரபு கற்பிப்பவன் நான். அன்று அந்த அரபை உரிய இடத்தில் பயன்படுத்தியவர் அவர்தான். அன்று நான் கற்ற பாடத்தையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உரிமை கேட்பது அடக்கமின்மையா?

நம் பெண்களில் பலர் வாய் திறந்து கேட்பதை வெட்கமாக எண்ணுகிறார்கள். பொறுமை என்றால் மௌனம் என்று நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் தாம் கொடுத்த ஒட்டகக் கடனைக் கேட்டுக் கடுமையாகப் பேசியபோது, ஸஹாபாக்கள் கோபப்பட்டார்கள். நபியவர்களோ அவர்களைத் தடுத்து, உரிமையுள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று கூறி, அவர் கொடுத்ததை விடச் சிறந்த ஒட்டகத்தையே திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் இது. நபியின் முன்னிலையிலேயே பேச இடமிருந்ததென்றால், விமான கம்பெனியின் கவுண்டரில் இல்லாமல் போகுமா?

பயணச்சீட்டு என்பது ஓர் ஒப்பந்தம். ஃபிக்ஹின் பார்வையில் அது 'இஜாரா' எனும் வாடகை உடன்படிக்கையின் பாற்பட்டது. நீங்கள் கூலியைக் கொடுத்துவிட்டீர்கள். உங்களைக் குறித்த இடத்தில் சேர்ப்பது அவர்களின் பொறுப்பு. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் ஸூரா அல்மாஇதா தொடங்குகிறது. எனவே நீங்கள் கவுண்டரில் கேட்பது யாசகமல்ல.

எது யாருடைய பொறுப்பு?

காத்திருப்பு இரண்டு வகைப்படும். ஒன்று, டிக்கட் எடுக்கும்போதே தெரிந்த காத்திருப்பு. விலை குறைவு என்பதற்காகப் பத்து, பன்னிரண்டு மணித்தியால இடைத்தங்கலுடன் எடுக்கும் டிக்கட் இவ்வகை. இதற்குப் பொதுவாகக் கம்பெனி பொறுப்பல்ல. ஆனாலும் சில வளைகுடா விமான கம்பெனிகள், இடையில் வேறு பொருத்தமான விமானம் இல்லாத நீண்ட தங்கலுக்கு ஹோட்டல் கொடுக்கின்றன. அதைப் பயணத்துக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டிக்கட் எடுக்கும் நாளிலேயே உங்கள் ஏஜன்ஸியிடம் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது, விமானம் தாமதித்ததால் அல்லது இரத்தானதால் நேரும் காத்திருப்பு. இங்கேதான் கம்பெனியின் கடமை வருகிறது. ஆனால் ஒரு விடயம் முக்கியம். முழுப் பயணமும் ஒரே டிக்கட்டாக இருந்தால்தான், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிடும்போது உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பு அவர்களைச் சேரும். மலிவென்று இரண்டு தனித்தனி டிக்கட் எடுத்திருந்தால், இரண்டாவது கம்பெனி "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்று கைவிரிக்கலாம். மிச்சம் பிடித்த பணத்தைப் போல் இரண்டு மடங்கு அங்கே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வதேச விமானப் பயணத்துக்கென 1999 ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. 2003 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும், சவூதி, கட்டார், குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளும் இதில் இணைந்துள்ளன. தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் நட்டத்துக்கு விமான கம்பெனி பொறுப்பு என்பது இதன் விதி. நியாயமான எல்லா முயற்சிகளையும் தாம் செய்ததாகக் கம்பெனி நிரூபித்தால் மட்டுமே தப்பலாம். 2024 டிசம்பர் 28 முதல் தாமதத்துக்கான உச்ச வரம்பு ஒரு பயணிக்கு 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமைகள். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஓர் அலகு ஓர் அமெரிக்க டொலரை விடச் சற்றுக் கூடியது. ஆனால் இது தானாகக் கைக்கு வரும் தொகையல்ல. உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவைப் பற்றுச்சீட்டுடன் காட்ட வேண்டும். ஆகவே தண்ணீர்ப் போத்தல் வாங்கினாலும் பில்லை வீசாதீர்கள்.

லக்கேஜுக்கும் இதே உடன்படிக்கைதான். சேதமடைந்து வந்தால் கிடைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள்ளும், பிந்தி வந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம். வழக்குத் தொடர இரண்டு வருட அவகாசம் உண்டு. லக்கேஜுக்கான உச்ச வரம்பு 1,519 அலகுகள். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்குள்ள லக்கேஜ் கவுண்டரில் முறைப்பாட்டை எழுதி, பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

சவூதி அரேபியாவும் பயணிகளின் உரிமைகளைக் காக்கும் புதிய விதிகளை 2023 நவம்பர் 20 முதல் நடைமுறைப்படுத்தியது. தாமதம், இரத்து, ஆசனத்துக்கு மேலதிகமாக டிக்கட் விற்றல், லக்கேஜ் இழப்பு ஆகியவற்றில் கம்பெனி என்ன செய்ய வேண்டும் என்பதை அவை கூறுகின்றன. உம்ரா செல்வோர் இதை அறிந்திருப்பது நல்லது.

ஐரோப்பாவில் பிள்ளைகள், சகோதரர்கள் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் இயற்றி 2005 பெப்ரவரியில் நடைமுறைப்படுத்திய விதி, அங்கிருந்து புறப்படும் எந்தக் கம்பெனியின் விமானத்தையும் கட்டுப்படுத்துகிறது. காத்திருப்போருக்கு உணவு, இரவானால் ஹோட்டல், வீட்டாருக்குச் செய்தி சொல்ல வசதி ஆகியவற்றை அது கடமையாக்கியது. அத்தோடு தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீட்டையும் விதித்தது. பிரித்தானியாவும் பிரிந்த பின் அதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. இலண்டனிலிருந்து தோஹா வழியாகக் கொழும்புக்கு ஒரே டிக்கட்டில் வருபவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கொழும்பிலிருந்து வளைகுடாக் கம்பெனியொன்றில் இலண்டன் போகும்போது இல்லை.

"மழையும் புயலும் வந்தால் கம்பெனி என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். இழப்பீட்டுப் பணம் வேறு, பராமரிப்பு வேறு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்பரப்பு மூடப்பட்டது. அப்போது அகப்பட்ட ஒரு பயணியின் வழக்கில் 2013 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய வேளையிலும் உணவும் தங்குமிடமும் கொடுக்கும் கடமை நீங்காது என்றது. 2024 ஏப்ரல் 16 ஆம் திகதி டுபாயை வெள்ளம் மூடியபோது எமிரேட்ஸ் கம்பெனியின் ஏறத்தாழ 400 விமானங்கள் இரத்தாகின. பயணிகள் நாட்கணக்கில் தவித்தார்கள். 12,000 க்கும் மேற்பட்ட ஹோட்டல் அறைகளையும் 250,000 உணவுச் சீட்டுகளையும் வழங்கியதாக அக்கம்பெனியின் தலைவர் பகிரங்கக் கடிதத்தில் தெரிவித்து மன்னிப்பும் கேட்டார். இவ்வாறான நெருக்கடியில் எல்லோருக்கும் உதவி ஒரே நேரத்தில் வந்து சேராது. முதியோரையும் குழந்தைகளையும் முன்னே அனுப்புங்கள்.

கவுண்டரில் எப்படிப் பேசுவது?

பயணச்சீட்டும் போர்டிங் பாஸும் கையில் இருக்கட்டும். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தாமதத்துக்குக் காரணம் என்ன? உணவும் தங்குமிடமும் எங்கே? அடுத்து எந்த விமானத்தில் எங்களை அனுப்புவீர்கள்? காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அங்கு நிற்பவரும் ஒரு கூலித் தொழிலாளியே. அவர் விமானத்தைப் பழுதாக்கவில்லை. ஏசுவதால் வேலை நடக்காது. நமது நாவின் பாவம்தான் மிஞ்சும்.

வீசா இல்லாமல் விமான நிலையத்துக்கு வெளியே போக முடியாது. ஹோட்டல் தருவதாகச் சொன்னால், அனுமதியையும் அவர்களே எடுத்துத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உத்தியோகபூர்வக் கவுண்டரில் தவிர, உதவி செய்வதாக வரும் எவரிடமும் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். இழப்பீடு கோரும்போது பெட்டியில் இல்லாத புடவையை இருந்ததாக எழுதுவது ஹராம். கம்பெனி பெரியது என்பதால் பொய் சிறியதாகிவிடாது.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

தாமதமானால் பெரிய பெட்டி உங்கள் கைக்கு வராது. மருந்து, மருத்துவச் சிட்டை, குழந்தையின் பால்மா, ஒரு மாற்றுடை, மாதவிடாய்த் துணி, முஸல்லா, கொஞ்சம் பேரீத்தம்பழம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். சரக்கறையின் குளிரில் அது உறைந்து பழுதாகலாம். வீட்டாரின் தொலைபேசி இலக்கங்களைத் தாளில் எழுதி வையுங்கள். தொலைபேசியின் மின்சாரம் தீர்ந்தால் மனனமும் சேர்ந்து தீர்ந்துவிடுகிறது!

மணிக்கூட்டையும் கவனியுங்கள். சவூதி, கட்டார், குவைத் நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். ஜித்தாவிலிருந்து டுபாய் வந்தவர் சவூதி நேரத்தையே வைத்திருந்தால், ஒரு மணித்தியாலம் பிந்தி விமானத்தைத் தவறவிடுவார். இலங்கை நேரத்தைப் பார்த்து மஃரிப் தொழ எழுந்தால், தோஹாவில் அப்போதுதான் அஸர் நேரம்.

தொழுகையும் இஹ்ராமும்

நெடும் பயணத்தில் லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டிரண்டாகச் சுருக்கித் தொழலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஸுப்ஹும் மஃரிபும் சுருங்காது. முழுமையாகத் தொழும் இமாமைப் பின்பற்றினால் நீங்களும் முழுமையாகவே தொழ வேண்டும். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் இச்சலுகை நீடிக்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். விமானத்தின் நெருக்கடியில் சிரமப்படுவதை விட, விமான நிலையத் தொழுகையறையிலேயே சேர்த்துத் தொழுதுவிடுவது இலேசு.

உம்ராவுக்குப் போகும்போது இடையில் தங்குவோர் குளித்து ஆயத்தமாகிக்கொள்ளலாம். ஆனால் நிய்யத்தை அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள். விமானம் தாமதித்தால் இஹ்ராமின் விலக்கல்களோடு நாள் முழுதும் இருக்க நேரும். விமானம் மீகாத்தை நெருங்கும்போது, அதைக் கடக்குமுன் நிய்யத் வைத்தால் போதும். மாதவிடாய் வந்துவிட்டதே என்று கலங்கவும் வேண்டாம். அந்நிலையிலும் இஹ்ராம் கட்டலாம். தூய்மையாகும் வரை தவாபை மட்டும் பிற்படுத்த வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் யார்?

பயணத்தை வேதனையின் ஒரு பகுதி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உணவையும் உறக்கத்தையும் அது தடுக்கிறது என்றார்கள். ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் 'இப்னுஸ் ஸபீல்' எனும் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் வீடு வாசல் இருந்தாலும், வழியில் கையில் ஒன்றுமில்லாதவர் அவர். நீங்கள் காத்திருக்கும் அதே மண்டபத்தில், இரண்டு வருடச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ஒரு பணிப்பெண் இருக்கக்கூடும். அவருக்குப் படிவம் வாசிக்கத் தெரியாதிருக்கலாம். உங்கள் சாப்பாட்டுச் சீட்டை வாங்கிவிட்டு, "உங்களுக்குக் கிடைத்ததா, தங்கச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்று அந்த ராத்தா அப்படித்தான் செய்தார். நம் குழுவினருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, தனியாக அழுதுகொண்டிருந்த யாரோ ஒரு சிங்களச் சகோதரியையும் கையைப் பிடித்துக் கவுண்டருக்கு அழைத்துப் போனார். பதினேழு மணித்தியாலத்துக்குப் பிறகு விமானத்தில் ஏறியபோது, "ஹஸ்ரத், இப்ப ஸப்ரைப் பற்றிச் சொல்லுங்க, எல்லாரும் கேட்பாங்க" என்று சிரித்தார்.

பயணியின் துஆ ஏற்கப்படும். காத்திருக்கும் நேரத்தில் நம்மையும் நம் மக்களையும் அதில் மறவாதீர்கள். அல்லாஹ் உங்கள் பயணங்களை இலேசாக்கி, ஸலாமத்தாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.