இசை கேட்கப் பழகுவோம் – 7: எத்தனை கோடு ஓடுகிறது?

சுருதி, தாளம், நாதத்தின் நிறம் மூன்றையும் பார்த்தாயிற்று. இந்த வாரம் டெக்ஸ்சர். இழையமைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் எத்தனை மெட்டுகள் ஓடுகின்றன, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதுதான் கேள்வி. வாத்தியம் எத்தனை, சத்தம் எவ்வளவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கிறார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், ஒத்து. தெருக்கோடி வரை அதிர்கிறது. ஆனால் ஓடுகிற மெட்டு ஒன்றே ஒன்றுதான். ஒத்து பார்வைக்கு நாயனம் போலவே இருக்கும்; விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. ஊதுகிறவர் கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒரே ஸ்வரத்தை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது பல ஊர்களில் அவர் வேலையைச் சுருதிப்பெட்டி பார்க்கிறது. ஊரையே எழுப்பும் இந்த இசை, இழையமைப்பில் மிக மெல்லியது.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த கீர்த்தனை என்றால், ராகம் தாளத்தோடு சபை முழுக்க ஒரே மெட்டில் பாடும். சற்று நேரத்தில் பாமாலை தொடங்கும். சொல் அதேதான், எல்லோரும் அதே தட்டில்தான் உச்சரிக்கிறார்கள். ஸ்வரம் மட்டும் நான்காகப் பிரிகிறது: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். மெட்டு மேல் குரலில் இருக்கும். பாடகர் குழுவில் ஆல்டோ பாடும் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அவரை மட்டும் கேட்டால், மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றுவது போலிருக்கும்; பாட்டு என்றே சொல்லத் தோன்றாது. அவர் நிறுத்திவிட்டால் மொத்தப் பாட்டும் உள்ளீடற்றுப் போகும். ஒரே ஆராதனையில் இரண்டு இழையமைப்பு. இசை படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

சபாவில் நடப்பது இரண்டிலும் சேராதது. ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியை முடித்துப் பஞ்சமத்தில் நிற்கிறார். வயலின் இன்னும் அந்தப் பிடியின் வாலைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது. அவர் அடுத்ததைத் தொடங்க, இது இன்னும் பஞ்சமத்தில். மெட்டு ஒன்றுதான், ஆனால் இரண்டு பேரிடம் இரண்டு விதமாக, அரை மூச்சு இடைவெளியில் நடக்கிறது. பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்த பிறகு, இந்த நிழலாட்டம் இல்லாமல் வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது.

பாமாலையில் கேட்டோமே, அந்த மாதிரி ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் ஹார்மனி. ‘கர்நாடக இசையில் ஹார்மனி இல்லையே’ என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடுவதுதான் அதன் உயிர். அடியில் கீபோர்டில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை, அழுத்திப் பிடித்தால், ஆடுகிற காந்தாரம் நிற்கிற ஸ்வரத்தோடு மோதும். மோதலைத் தவிர்க்க ஆட்டத்தை நிறுத்தினால், அது தோடியே இல்லை. சங்கராபரணத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் ஸ்வரங்கள் மேற்கின் மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போவதால், அடியில் கார்டுகள் எளிதாக உட்காரும்.

கடைசி வகை கவுன்டர்பாயின்ட். இதில் ஒவ்வொரு கோடும் தனியாகவே முழு மெட்டு. சேர்ந்து ஓடினாலும் ஒன்றையொன்று மறைக்காது. ஜெர்மனியின் பாக் (1685–1750) இதன் சிகரம். நம்மூரில் இதைச் சினிமாப் பாட்டுக்குள் துணிந்து வைத்தவர் இளையராஜா. 1978-இல் வந்த ‘சிட்டுக்குருவி’யில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடிய ‘என் கண்மணி’யைக் கேளுங்கள். ஒரு வரி முடியும்வரை அடுத்த வரி காத்திருப்பதில்லை. பாலுவின் குரல் மீதே பாலுவின் இன்னொரு குரல் ஏறி ஓடும். முதல் தடவை நெரிசலாகத்தான் தோன்றும். இன்று கேட்டாலும் எந்தக் குரலைத் தொடர்வது என்று காது தடுமாறும், அதுதான் அந்தப் பாட்டின் சுகம். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார் ராஜா. ஒற்றை மெட்டின் உச்சம் ஒருவர், பல மெட்டின் உச்சம் மற்றவர். பொருத்தமான ஜோடி.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். நன்றாகத் தெரிந்த ராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிதாரை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்தக் கோடு பெரும்பாலும் காதில் விழாது.

(தொடரும்)