‘டிக்’ என்று மட்டும் கேட்டால்

விசையை இழுத்தாயிற்று. வெடி கேட்கவில்லை. உள்ளே இரும்பு தட்டிய ‘டிக்’ மட்டும்.

இந்த நேரத்தில் அவசரம் கூடாது. தோட்டாவின் அடியில் இருந்து தீ மூட்டும் பிரைமர் சில வேளை உடனே பற்றாமல் சற்றுத் தாமதித்தும் வெடிக்கும். குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடியே குறைந்தது 30 வினாடி பொறுத்து, முகத்தை விலக்கிக்கொண்டு, அதன் பிறகே திறக்க வேண்டும். சுடும் மைதானங்களில் உள்ள இந்த விதி, சம்மாந்துறை வயல் வட்டையில் பனியில் விறைத்தபடி யானைக் காவல் இருக்கிறவருக்கும் உண்டு. யானை வேலியடிக்கு வந்துவிட்டாலும், அந்த அரை நிமிடத்துக்கு யானையைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து கையில் இருப்பதுதான்.

தோட்டாவை வெளியே எடுத்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பது. பித்தளைத் தட்டின் நடுவே சிறு வட்டமாக இருப்பது பிரைமர். விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் ஊசி, அதாவது ‘பின்’, சரியாக அடித்திருந்தால் அதில் ஆழமான, உருண்டையான குழி விழுந்திருக்கும். அடி போதாவிட்டால் நகத்தால் அழுத்திய மாதிரி ஒரு தழும்பு. குழி நடுவில் இல்லாமல் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் கோளாறு வேறு. குழியே இல்லையென்றால் பின் முறிந்திருக்கலாம், அல்லது வழியில் எங்கோ சிக்கி நின்றிருக்கலாம். நல்ல ஆழக் குழி விழுந்தும் வெடிக்கவில்லையென்றால் மட்டுமே தோட்டாவைக் குற்றம் சொல்ல நியாயம் உண்டு. நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். “பழைய தோட்டா காக்கா, நமுத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு, அடியைக்கூடப் பார்க்காமல் அடுத்ததைப் போடுவார்கள்.

பிரைமருக்குள் என்ன நடக்கிறது? மெல்லிய உலோகக் கிண்ணம் ஒன்று. அதற்குள் மிகச் சிறிதளவு வெடிக்கலவை. அதற்கு எதிரே அசையாத ஒரு சிறு பட்டடை. பின் கிண்ணத்தை உள்ளே தள்ளும்போது கலவை பட்டடையோடு நசுங்குகிறது. நசுக்கினால் ஏன் தீப்பிடிக்க வேண்டும் என்பதை கேம்பிரிட்ஜில் ஆராய்ந்தவர்கள் பௌடனும் யொஃபேயும். 1952இல் வெளிவந்த அவர்களின் நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை. அடியின் சக்தி கலவை முழுவதையும் சமமாகச் சூடாக்குவதில்லை. மணிகள் ஒன்றோடொன்று உராயும் நுண்ணிய புள்ளிகளில் அது குவிகிறது. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து நூறில் ஒரு பங்கு வரை அகலமுள்ள அந்தச் சூட்டுப் புள்ளிகள் நொடிக்கும் குறைந்த கணத்தில் பல நூறு பாகைக்கு எகிறுகின்றன. அங்கே பிறக்கும் தீயே மற்றதைப் பற்ற வைக்கிறது. பழைய பிரைமர்களில் கண்ணாடித்தூள் சேர்த்தது இதற்காகத்தான். கடினமான துகள் இருந்தால் உராய்வு கூடும்.

இந்த வேதியியலின் தொடக்கம் வேட்டையோடு சேர்ந்தது. கல்லும் எஃகும் உரசிப் பொறி பறக்கும் துவக்கில், அந்த ஒளியைக் கண்டே வாத்து பறந்துவிடுகிறது என்று சலித்துக்கொண்ட ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தாலே வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைக் கொண்டு பொறியில்லாத இயக்கம் ஒன்றை அமைத்து 1807இல் காப்புரிமை பெற்றார். பாதிரியாரின் வாத்தாசைதான் இன்றைய தோட்டாவுக்கு மூதாதை.

பிரைமர் வெடிக்கும், வெடிக்காது என்று இரண்டே நிலை கொண்டதல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஆலைகளில் குறித்த எடையுள்ள உருக்குக் குண்டை வெவ்வேறு உயரத்திலிருந்து போட்டு அதைச் சோதிக்கிறார்கள். மிகத் தாழ்வில் ஒன்றும் வெடிக்காது, நல்ல உயரத்தில் எல்லாம் வெடிக்கும். நடுவே ஒரு பட்டை இருக்கிறது. அங்கே சில வெடிக்கும், சில வெடிக்காது. வெடித்தால் ஒரு படி இறங்கு, வெடிக்காவிட்டால் ஒரு படி ஏறு என்ற சோதனை முறை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் புரூஸ்டன் வெடிபொருள் ஆய்வுக்கூடத்தில் உருவானது. நஞ்சின் அளவைச் சோதிப்பவர்களும் பின்னர் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே பெட்டியில் நாலு வெடித்து ஐந்தாவது வெடிக்காமல் போனால் அதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. அந்தத் துவக்கின் அடி நடுப்பட்டைக்குள் இறங்கிவிட்டது. வெடித்த நாலும் தப்பிப் பிழைத்தவை. ‘எப்போதாவதுதான் தவறுகிறது’ என்பது ஆறுதல் அல்ல, எச்சரிக்கை.

அடியின் பலம் எங்கே களவு போகிறது? வயல் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு இருப்பவை பெரும்பாலும் 12 போர் துவக்குகள். ஆனால் இந்தக் கோளாறைத் தெளிவாகக் காட்டுவது போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) வைத்த ரைபிள்தான். இலங்கையில் அதற்கு உதாரணம் .303 லீ என்ஃபீல்டு. 1971 கிளர்ச்சி நேரத்தில் பொலிஸ் நிலையங்களில் இருந்த அதே ரைபிள். அதில் நீண்ட பின்னும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் போல்ட்டின் உள்ளே மறைந்திருக்கும். வெளியே பளபளவென்று துடைத்து வைத்த ரைபிளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கிறவர் குறைவு.

அங்கே பெரும்பாலும் இருப்பது எண்ணெய். கடற்காற்று இரும்பைத் தின்னும் என்பது கல்முனை, மருதமுனை, நிந்தவூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து சைக்கிள் செயின் வரை எண்ணெய் பூசியே வாழ்கிறோம். அந்தப் பழக்கத்தில் போல்ட்டுக்குள்ளும் தாராளமாக ஊற்றுகிறோம். ஊற்றிய எண்ணெய் மணலையும் தூசியையும் கரியையும் பிடித்துக்கொண்டு, நாளாக நாளாகப் பிசினாகிறது. பின் அந்தப் பிசினைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். ஓடும் வேகம் கூடக் கூட, தடிப்பான திரவம் தரும் எதிர்ப்பும் கூடும். பிரைமரைத் தொடுவதற்குள் பாதிப் பலம் போய்விடலாம். துருவுக்குப் பயந்து ஊற்றிய எண்ணெயே அடியைக் குடிக்கிறது.

தேங்காய் எண்ணெய் என்றால் இன்னும் மோசம். அது ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். மார்கழி, தை விடியலில் நம் கரையோரத்தில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாகக் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே பெரும்போக நெல்லுக்குக் காவல் இருக்கும் காலம். யானை வருவதும் அந்த விடியலில்தான். பகல் வெயிலில் எண்ணெய் உருகியதும் அதே துவக்கு ஒழுங்காக வேலை செய்யும். திருத்துபவரிடம் கொண்டுபோனால், “இதில் ஒரு பிழையும் இல்லையே” என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

ஸ்பிரிங்கை எல்லோரும் சந்தேகிப்பார்கள். வெறுமனே அழுத்தியபடி வைத்திருப்பதால் நல்ல ஸ்பிரிங் எளிதில் தளராது. துரு அரித்தால், அல்லது யாரோ விசையை இலகுவாக்க ஒரு சுற்றை வெட்டியிருந்தால் தளரும். அதில் தேங்கும் சக்தி, அழுத்திய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். விசையை இலகுவாக்கும் கைவைத்தியம் அதனால்தான் ஆகாது.

இன்னொரு திருட்டு தோட்டா உட்காரும் இடத்தில். .303 தோட்டாவின் விளிம்பை அதற்கான பள்ளம்தான் தாங்குகிறது. போல்ட்டின் முகத்துக்கும் அந்தத் தாங்கலுக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 64இலிருந்து 74 வரை. தேய்ந்து அது கூடினால், அடி விழுந்ததும் தோட்டா முன்னே நகர்ந்து அடியின் ஒரு பங்கை விழுங்கும். முதல் அடியில் வெடிக்காதது இரண்டாம் அடியில் வெடித்தால், இந்த நகர்வையோ, முழுதாக அழுந்தாத பிரைமரையோ, இளைத்த அடியையோ சந்தேகிக்கலாம். போல்ட்டின் கைப்பிடி முழுதாகக் கீழிறங்காமல் நிற்கும்போதும் இதே கதைதான். அடியின் ஒரு பகுதி கைப்பிடியை இறக்குவதிலேயே செலவாகும். மாரி ஈரத்தில் பருத்த மரக்கட்டை பின்னின் வாலை உரசுவதும் உண்டு; உரசிய இடம் மரத்தில் மினுமினுவென்று தெரியும்.

பழைய .303 தோட்டாக்களுக்கு வேறொரு சேதி. அவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பிரித்தானியப் படையில் அதனால் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள். கடலோரத்தில் கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசியவர்களின் குழல் எண்ணெய்க்குள்ளேயே துருப்பிடித்திருக்கும்.

என்ன செய்யலாம்? துவக்கில் தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்த பிறகு, அனுமதி பெற்ற திருத்துபவரிடம் போல்ட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பிசினை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ஈரம் தெரியக் கூடாது. கோளாறுகளில் பெரும்பகுதி இதோடு தீரும். தீராவிட்டால் பின்னின் நுனி போல்ட் முகத்துக்கு வெளியே எவ்வளவு நீள்கிறதென்று அளக்க வேண்டும். லீ என்ஃபீல்டில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங், அதற்கும் பிறகுதான் புதிய தோட்டாப் பெட்டி. இந்த வரிசையை மாற்றினால் காசு போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

வெடிக்காத தோட்டாவைக் கிணற்றிலோ அடுப்படியிலோ போடாதீர்கள். குத்திப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். தழும்பு விழுந்த பிரைமர் அடுத்த தட்டில் வெடிக்கலாம். அனுமதிப்பத்திரத்தைக் காட்டி அதைப் பொலிஸில் ஒப்படையுங்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், துவக்கைத் திருத்துபவரிடம் காட்டவும் அதே நாளைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெரும்போகக் கதிர் பால் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.