பெரியம்மா கொழுந்து பறித்த மலையில் சைக்கிள் பயணம்

"நாப்பத்தஞ்சு வயசுல சைக்கிளா? விழுந்து கை காலை ஒடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது?" என்றார் என் மாமியார்.

"அதுவும் மலையிலயா!" என்று இவரும் சேர்ந்து கொண்டார்.

எனக்கே உள்ளூர உதறல்தான். ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் விடுவதாக இல்லை. "அம்மா, மூணாறுல தேயிலைத் தோட்டம் வழியா சைக்கிள்ல கூட்டிட்டுப் போறாங்க. கூடவே வழிகாட்டி வருவாரு. பின்னால ஜீப்பும் வரும். முடியலேன்னா ஏறிக்கோங்க" என்று எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள்.

மூணாறு என்ற பெயரைக் கேட்டதும்தான் என் மனசு அசைந்தது. அதற்குக் காரணம் என் பெரியம்மா.

மழையைத் தேடிப் போனவர்கள்

பெரியம்மா என்றால் என் அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. 1976-ல் கல்யாணமான கையோடு மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குப் போனவர். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, 2014-ல் ஊர் திரும்பினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவராவது அங்கே வேலைக்கு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெரியம்மாவின் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். அதனால் விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், தன் அப்பா விட்டுப் போன ஓட்டு வீட்டில் இப்போது இருக்கிறார்.

எங்கள் கரிசல் காட்டில் மலைக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் நிறைய. ஏன் போனார்கள் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி எங்களுக்கு வருவது வெறும் காற்றும் புழுதியும்தான்! ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் எங்கள் பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய் எல்லாம். அது ஒரு வருஷம் பொய்த்தால் அடுப்பு எரியாது. மழை எங்கே நின்றதோ, அங்கே எங்கள் ஜனங்களும் கங்காணிகள் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் அந்த மலைகளைப் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து குத்தகைக்கு வாங்கினார். பிறகு காடு தோட்டமானது. காட்டைத் திருத்தித் தேயிலை வைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கைகள்.

ரெண்டு மாசப் பயிற்சி

பள்ளியில் படித்தபோது வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியிருக்கிறேன். கல்யாணத்தோடு அது போயிற்று. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியால், அறிவொளி இயக்கத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அதை நினைத்துத் தைரியப்படுத்திக் கொண்டேன். வீட்டில் மகளின் பழைய சைக்கிள் இருந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. திண்ணையோரம் துருப்பிடித்துக் கிடந்ததைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

முதலில் டாக்டரிடம் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக் கொண்டேன். சர்க்கரை எல்லையில்தான் நின்றது. "சைக்கிள் ஓட்டறது முட்டிக்கு நடையை விட நல்லது. உடம்பு பாரம் சீட்டுல இறங்கிடும். ஆனா சீட்டைத் தாழ்த்தி வச்சு ஓட்டாதீங்க, முட்டி வலிக்கும்" என்றார் டாக்டர். மிதிகட்டை கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டுமாம்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தெரு விழிக்கும் முன்னே கிளம்பிவிடுவேன். முதல் வாரம் ரெண்டு கிலோ மீட்டருக்கே மூச்சு வாங்கிற்று. வைப்பாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவேன். எட்டாவது வாரம் பதினைந்து கிலோ மீட்டர் போய்வர முடிந்தது. பால்காரர் முதலில் சிரித்தார். பிறகு, "அக்கா, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்!

மலை ஏறினோம்

ஜனவரி மாதம் கிளம்பினோம். மதுரை, தேனி, போடி வழியாகப் பேருந்து. போடியிலிருந்து போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. பக்கத்து இருக்கைப் பெண் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். எனக்குப் பெரியம்மா ஞாபகம். வெயில் காயும் கரிசலிலிருந்து புதுப் பெண்ணாக இந்தக் குளிருக்குள் வந்தபோது எப்படி இருந்திருக்கும்!

மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் சேரும் இடம் என்பதால் அந்தப் பெயர். எங்கள் வழிகாட்டி இருபத்தெட்டு வயதுத் தம்பி. லயத்தில் பிறந்து வளர்ந்தவர். "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்றார். "விளாத்திகுளம்" என்றேன். "எங்க தாத்தாவுக்குக் கோவில்பட்டி பக்கம்!" என்றார். அதற்கப்புறம் என்ன, ஊர்க்கதைதான்!

முதல் நாள் ஊரைச் சுற்றிப் பழக விட்டார்கள். கியர் வைத்த சைக்கிள் எனக்குப் புதிது. "ஏத்தம் வர்றதுக்கு முன்னாலயே லேசான கியருக்கு மாத்திடணும்க்கா. ஏத்தத்துல நின்னுட்டு மாத்தினா செயின் கழண்டுரும்" என்றார் தம்பி. காலைச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் போதும், வண்டி மெதுவாக ஏறிவிடுகிறது.

மறுநாள் டாப் ஸ்டேஷன் பயணம். முப்பத்திரண்டு கிலோ மீட்டருக்குக் குறையாத தூரம். காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினோம். எட்டுப் பேரில் நான்தான் மூத்தவள். மாட்டுப்பட்டி அணை பதின்மூன்று கிலோ மீட்டர். 1963-ல் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய மாட்டுப் பண்ணை இங்கேதான் இருக்கிறது. புல்வெளியில் காட்டு யானைகள் இறங்கும் இடமும் இதுவே. கொம்பன் ஒன்றுக்கு ஊர்க்காரர்கள் 'படையப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் நல்ல காலம், படையப்பா அன்று வரவில்லை!

காரில் போனால் இந்தத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் மாதிரி தெரியும். சைக்கிளில் போனால் கம்பளத்துக்குள் ஆட்கள் தெரிகிறார்கள். முதுகில் பையும் இடுப்பில் கட்டிய தார்ப்பாய்த் துண்டுமாகப் பெண்கள். தேயிலை விட்டால் மரமாகிவிடும் செடி. கவாத்து வெட்டி இடுப்பு உயரத்திலேயே நிறுத்தி வைக்கிறார்கள். இரண்டு இலை, ஒரு கொழுந்து என்று கையால் கிள்ளிய காலம் போய், பல இடங்களில் இப்போது கத்தரியால் வெட்டுகிறார்கள். சரிவில் கால் ஊன்றி நிற்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இந்தப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தாங்களாகவே மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று பெயர். ஒன்பது நாள் போராடி இருபது சதவீத போனஸ் வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலியும் அடுத்த மாதமே 301 ரூபாய் ஆயிற்று.

அந்த லயத்து வீடு

குண்டளைக்குப் போகும் வழியில் தம்பியிடம் பெரியம்மா சொன்ன அடையாளத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் அணைக்கட்டில் இளைப்பாறியபோது, எங்களை மட்டும் மண் பாதையில் கூட்டிப் போனார். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி. மேலே தகரக் கூரை. கோடியிலிருந்து மூன்றாவது வீடுதான் பெரியம்மாவுடையது. முப்பத்தெட்டு வருஷம்!

கதவைத் திறந்தவள் ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தையோடு. தமிழ் தெரியவில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்தவளாம். நம்மவர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக, இப்போது வடக்கேயிருந்து ஆட்கள் வருகிறார்கள். பால் இல்லாத தேநீர் போட்டுக் கொடுத்தாள். என் பையிலிருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் குழந்தையின் அம்மா கையில் கொடுத்தேன்.

"உங்க ஊர்ல மழை இல்லையா?" என்று கேட்டேன். தம்பி இந்தியில் கேட்டுச் சொன்னார்: "மழை இருக்காம்க்கா. வேலைதான் இல்லையாம்."

திரும்பும்போது நான் பேசவில்லை. மேற்கே ராஜமலைப் பக்கம் கையைக் காட்டித் தம்பி சொன்னார்: "அங்கதான் பெட்டிமுடி." 2020 ஆகஸ்டு 6-ம் தேதி இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். எழுபது உயிர்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் எங்கள் மாவட்டத்துக் கயத்தாறு. மழைக்கு ஏங்கி ஊரைவிட்டு வந்தவர்களின் பேரன் பேத்திகளை அந்த மழையே கொண்டு போயிற்று. சைக்கிளை நிறுத்தி ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தோம்.

டாப் ஸ்டேஷனில்

எல்லப்பட்டிக்கு மேல் ஏற்றம் கடுமை. ஒரு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வெட்கப்படவில்லை. ஜீப்பில் மட்டும் ஏறவில்லை! பதினொன்றரை மணிக்கு, ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், டாப் ஸ்டேஷன் வந்தது.

பெயர்க் காரணம் சுவையானது. 1902-ல் மூணாற்றிலிருந்து இங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டிப் பாதை போட்டார்கள். 1908-ல் அது சின்ன ரயில் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் இங்கே வந்து, கம்பி வடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போகும். 1924-ல் வந்த பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக் கொண்டு போய்விட்டது. பிறகு போடவே இல்லை.

விளிம்பில் நின்று கிழக்கே பார்த்தேன். கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி, வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. காலடியில் பச்சை, கண்ணெதிரே காய்ந்த பூமி. என் ஊரும் அந்தத் திசையில்தான் எங்கோ இருக்கிறது.

இறக்கத்தில் ஒரு பாடம் கற்றேன். வேகத்தில் பயந்து முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி வழுக்கி, முழங்காலில் நல்ல சிராய்ப்பு. என் மாமியாரின் வாக்கு பாதி பலித்தது! மருந்து போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு

* ஜூன் முதல் ஆகஸ்டு வரை போகாதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

* சேலை, துப்பட்டா வேண்டாம். சக்கரத்தில் மாட்டும். சுடிதார் என்றால் கால் நுனியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.

* தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள்.

* கிளம்பும் முன் இட்லி போல் லேசாகச் சாப்பிடுங்கள். வழியில் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் போதும். குளிர்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் மருந்து, சாப்பாடு பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

* தனியாகப் போக வேண்டாம். யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள்.

* மதுரையிலிருந்து போடிக்கு 2023 ஜூன் முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வசதி.

ஊருக்கு வந்ததும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். போனில் படங்களைக் காட்டினேன். டாப் ஸ்டேஷன் படத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

"இது எந்த ஊரு தாயி?"

"உங்க எஸ்டேட்டுக்கு மேலதான் பெரியம்மா. நீங்க போனதில்லையா?"

"ஞாயித்துக்கிழமை ஒரு நாளு. அழுக்குத் துணி துவைக்கவும் வெறகு பெறக்கவுமே சரியாப் போகும். அங்க எங்க போக?" என்று சிரித்தார்.

அவருடைய வீட்டுப் படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. விரலால் கூரையைத் தொட்டுக் காட்டினார்.

"தகரம் புதுசா மாத்திருக்காங்களா? அந்த மூலையில ஒழுகும். புள்ளையைத் தூக்கிக்கிட்டு உக்காந்தே இருப்பேன்."

மாற்றியிருக்கிறார்களா என்று நான் கவனிக்கவில்லை. சுற்றுலாப் போனவள் கண்ணுக்கு அது படவில்லை. வழிகாட்டித் தம்பிக்குப் போன் செய்து கேட்டேன். மறுநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டே சொன்னார், மாற்றிவிட்டார்களாம்.

அதைச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் பெரியம்மாவின் கிராமத்துக்குப் போனேன். ஏழு கிலோ மீட்டர். பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, சைக்கிளிலேயே போய்விட்டேன்.