அம்புலிமாமாவின் மாயக்கதைகளை எழுதியவர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

நேயர்களே, பொத்துவிலிலிருந்து அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் கேட்டிருந்தது இதுதான்: "சிறு வயதில் அம்புலிமாமாவில் மந்திரவாதிகளும் ராட்சதர்களும் வரும் தொடர்கதைகளை மாதாமாதம் காத்திருந்து வாசித்தோம். அவற்றை எழுதியவர் யார்? பெயர் எதுவும் கண்டதாக ஞாபகமில்லையே."

ஞாபகம் பிழையில்லை. அந்தத் தொடர்களுக்குப் பெயர் போடப்படவே இல்லை. படத்தின் மூலையைக் கவனித்திருந்தால் ஓவியர் சித்ராவின் கையொப்பம் தெரிந்திருக்கும். கதாசிரியருக்கு அந்த மூலைகூடக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் தாசரி சுப்பிரமணியம். தெலுங்கர். 1932 ஆம் ஆண்டு ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1952இல் சென்னைக்கு வந்து அச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிற் சேர்ந்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஒரே சஞ்சிகைதான் அவருடைய வாழ்க்கை. 2010 ஜனவரி 27ஆம் திகதி விஜயவாடாவில் காலமானார். இவ்வளவுதான் வாழ்க்கைக் குறிப்பு. ஊர் ஊராகச் சுற்றியவருமல்லர், மேடையேறியவருமல்லர்.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் அச்சஞ்சிகையைத் தொடங்கியபோது அது தெலுங்கிலே 'சந்தமாமா' என்றும் தமிழிலே 'அம்புலிமாமா' என்றும் ஒரே வேளையில் வெளிவந்தது. பிற்பாடு ஒரு டசின் மொழிகளுக்குப் பரவியது. மூலப்பிரதி தெலுங்கு, ஏனையவை மொழிபெயர்ப்புகள். 1952 முதல் 1980இல் மறையும்வரை அதன் ஆசிரியப் பொறுப்பைத் தாங்கியவர் கொடவடிகண்டி குடும்பராவ். தெலுங்கின் பெரும் புனைகதை எழுத்தாளர்களில் ஒருவர். யார் எழுதினாலும் ஒரே வீட்டுப் பெரியவர் சொல்வதுபோல் இருக்கவேண்டும் என்பது அங்கே நடைமுறையாயிற்று. எளிய நடை, குறுகிய வாக்கியம், அலங்காரமில்லை. அதனால் குழந்தைகளுக்கு நன்மை விளைந்தது. எழுதியவரின் பெயரோ மறைந்தே போயிற்று.

நம்மவருக்கு இது புதிதன்று. எங்கள் உம்மம்மாமார் 'சைத்தூன் கிஸ்ஸா'வையும் 'தமீம் அன்சாரி கிஸ்ஸா'வையும் ராகமெடுத்துப் படிக்கக் கேட்டவர்கள் பாடிய புலவர் யாரென்று விசாரித்ததில்லை. ஜின் தூக்கிக்கொண்டு போன மனிதன் வீடு திரும்பினானா என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பெயரை மறைத்தாலும் கை மறையுமா? தாசரியின் கையை அடையாளம் காணலாம் என்பது என் எண்ணம். 1957இல் தொடங்கிய 'முக்குரு மாந்திரிகுலு', அதாவது மூன்று மந்திரவாதிகள் என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் பிங்களன் இளவரசனல்லன். வலைவீசிப் பிழைக்கும் ஓர் இளைஞன். நன்றிகெட்ட தமையன்மார் இருவர். மகாமாயன் என்பவனின் சமாதிக்குள் புதையல் இருக்கிறது. அதை எடுக்கப் பெரிய மந்திரவாதியாலும் இயலவில்லை. இந்த வலைக்காரப் பையன் வேண்டியிருக்கிறான்.

ஆயிரத்தொரு இரவுகளை அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். கெய்ரோ நகரத்து ஜூதரின் கதையல்லவா இது! ஏரியில் வலைவீசும் ஜூதரிடம் மக்ரிப் தேசத்தான் ஒருவன் வந்து, "என் கைகளைக் கட்டி ஏரியில் தள்ளிவிடு. கை முதலில் வெளியே தெரிந்தால் வலைவீசி இழுத்தெடு, கால் தெரிந்தால் நான் செத்தேன்" என்கிறான். அங்கேயும் கேட்ட உணவைத் தரும் பை உண்டு. அதைப் பறிக்கும் சகோதரர்கள் உண்டு. அரபு மண்ணிலே பிறந்த அந்தக் கதை சென்னையில் வேட்டி கட்டி, பிங்களனாகப் பெயர் மாறி, தமிழாகி, கப்பலேறி, பஸ் வண்டியிலே பொத்துவில் வந்து சேர்ந்திருக்கிறது. கரைவலையும் வீச்சுவலையும் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதாநாயகன் அந்நியனாகத் தோன்றியிருக்க மாட்டான்.

எலும்புக்கூடு கடன் என்பதால் ஆசிரியரைக் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. மூலக்கதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது. அதை மாதத்துக்குச் சில பக்கங்களாக ஆண்டு கடந்து நடத்தி, ஒவ்வொரு மாதமும் பையனை ஒரு பாழுங்கிணற்று விளிம்பிலே நிறுத்திவிட்டுப் போவது வேறு வித்தை. 1954இல் 'தோக சுக்க' (வால்நட்சத்திரம்) தொடங்கி 1970களின் இறுதிவரை இவ்வாறு பன்னிரண்டு தொடர்கள். மகர தேவதை, வெண்கலக் கோட்டை, சுவாலைத் தீவு, ராட்சதப் பள்ளத்தாக்கு, பாதாள துர்க்கம், யட்ச பர்வதம், மாயா சரோவரம் என்று தலைப்புகளைத் தமிழிற் சொன்னாலே போதும், சிலருக்குப் படங்கள் கண்முன் வந்துவிடும். அந்த 1954இல்தான் இங்கிலாந்தில் டோல்கீனின் மோதிரக் கதையின் முதற் பாகமும் அச்சாயிற்று. அவரை உலகம் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறது.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பளித்தது. மந்திரவாதிகளைப் படைத்த இந்த மனிதர் பகுத்தறிவுவாதி. மந்திரத்தில் சற்றும் நம்பிக்கையில்லாதவர். அதை அறிந்தபின் கதைகளை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அவருடைய உலகில் மந்திரம் ஒரு கருவி, வாளைப்போல. யட்ச பர்வதத்தில் வரும் இரு இளைஞரில் கட்கவர்மனிடம் வாள் இருக்கிறது, ஜீவதத்தனிடம் மந்திரக்கோல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வழி பிறக்கிறது. தவத்துக்கு மெச்சி வானத்திலிருந்து வரம் இறங்குவதைவிட, ஒருவன் யோசித்துத் தப்புவதே அங்கு அதிகம். நம்பிக்கையுள்ள குடும்பங்களில் வளர்ந்த நாங்கள் எவ்வித மனத்தடையுமின்றி அவற்றை வாசித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாப்பாவும் தடுக்கவில்லை.

1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்துக்கு அது ஊட்டமளித்ததென்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குகைக்குள் நுழைந்த கதாநாயகன் வெளியே வந்தானா என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. பழைய பிரதிகளை ஊசி நூலால் தைத்து வைத்திருந்த வீடுகளைத் தேடிப்போய் இரவல் வாங்கினோம். பல கதைகளுக்கு நடுப்பகுதி மட்டுமே கிடைத்தது. முடிவை நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம். எங்களில் ஒருவருடைய முடிவு மற்றவருக்குப் பிடிக்காது, சண்டை வரும்.

சஞ்சிகை 2013இல் நின்றுபோயிற்று. தாசரி மறைந்த பின்னர் தெலுங்கு வாசகர்கள் அவருடைய கதைகளைத் தேடித் தொகுத்து, அட்டையில் அவர் பெயரோடு நூலாக்கினார்கள்.

கேள்வி கேட்ட பொத்துவில் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். தைத்த பிரதி ஏதும் பெட்டிக்குள் எஞ்சியிருந்தால் எடுத்துப் பாருங்கள். ராமாயண, பாரதத் தொடர்களை விட்டுவிடுங்கள். அவை வேறு கைகள். இரண்டு இளைஞர்கள், ஒரு காடு, பாழடைந்த ஆலயமோ கோட்டையோ, சித்ராவின் வண்ணப்படம் இவையெல்லாம் ஒருசேர இருந்தால், தலைப்பின் கீழே வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்: தாசரி சுப்பிரமணியம்.