ஊவாத் தோட்டப் பசுக்களும் உண்ணி நோய்க் குருதிச் சோதனையும்

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயங்களின் புறத்தே தகரமும் பலகையும் கொண்டு அமைந்த மாட்டுப்பட்டிகளைக் காணலாம். தலைமுறைகளாகக் குடியிருந்தும் காலடி நிலத்திற்கு உரிமை பெறாத தொழிலாளக் குடும்பமொன்று தன்னுடையதெனச் சொல்லத்தக்க பெருஞ்சொத்து பல வேளைகளில் அங்கு கட்டப்பட்டுள்ள பசுவேயாகும். நன்கு கறந்துகொண்டிருந்த பசு திடீரெனத் தீவனம் மறுத்து, காய்ச்சல் கண்டு, கண்ணிமையின் உட்புறம் வெளுத்துப் பின் மஞ்சளித்து, சில நாட்களில் மடிந்துபோவதுண்டு. இத்தகைய சாவுக்குக் காரணமாகும் நோய்களுள் உண்ணியாற் பரவும் அனப்பிளாஸ்மா நோய் முக்கியமானது. இதனைக் குருதிச் சோதனை எவ்வாறு இனங்காண்கிறது, எவ்விடத்து அச்சோதனை நம்மை ஏமாற்றுகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயை விளைவிக்கும் பற்றீரியா மாட்டின் செங்குழியத்தினுள் வாழ்வது. ஐக்கிய அமெரிக்காவில் சிமித், கில்போன் ஆகிய இருவரும் 1893இல் உண்ணியே மாட்டுக் காய்ச்சலைக் காவுகின்றது என நிறுவியபோது, செங்குழியத்தின் ஓரத்தே சிறு புள்ளிகளையும் கண்டனர். ஆயின் அவற்றைப் பபீசியா என்னும் வேறோர் ஒட்டுண்ணியின் ஒரு பருவமென்றே கொண்டனர். அப்புள்ளி தனியொரு நோய்க்கிருமி என்பதைத் தென்னாபிரிக்காவில் ஆர்னல்ட் தைலர் 1910இல் எடுத்துக்காட்டினார். அறிஞரை மயக்கிய இந்த ஒற்றுமை மாட்டுப்பட்டியில் இன்றும் மயக்குகிறது. இரு நோய்களையும் பரப்புவது ஒரே வகை மாட்டுண்ணி; இரண்டிலும் காய்ச்சலும் சோகையும் உண்டு. பபீசியாவிற் சிறுநீர் சிவப்பதும் அனப்பிளாஸ்மாவில் அவ்வாறு சிவவாமையும் ஒரு வேறுபாடு. இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. பபீசியாவுக்கு வழக்கமாக இடப்படும் டிமினசீன் அனப்பிளாஸ்மாவை அழிப்பதில்லை. அதற்கு ஒட்சிரெற்றாசைக்கிளின் போன்ற மருந்து காலத்தே வேண்டும். ஊகம் பிழைப்பின் பசு பிழையாது.

சோதனையின் அடிப்படை எளிது. காது நுனியிலுள்ள சிறு நாளத்தைக் குத்திப் பெற்ற ஒரு துளி குருதியைக் கண்ணாடி வழுக்கியில் மெல்லிய பூச்சாக இழுத்து, காற்றில் உலர்த்தி, மெதனோலில் நிலைப்படுத்தி, கீம்சாச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையால் நோக்குவர். செங்குழியத்தின் விளிம்பை ஒட்டிக் கருநீலப் புள்ளி தென்படும். சாயத் துகளும் இவ்வாறே தோன்றுமாதலின் பழகிய கண் வேண்டும். ஈ மொய்த்த வழுக்கியும் ஈரம் பட்ட வழுக்கியும் பயன்படா.

இவ்விடத்து ஒன்று சிறப்பாக நோக்கற்பாலது. சோகை முற்றிய பசுவை மலைப்பாதையில் மைல் கணக்காக நடத்தின், குருதியில் ஒட்சிசன் போதாமையால் அது வழியிலேயே விழுந்திறத்தல் கூடும். பசுவை மிருக வைத்தியரிடம் ஓட்டிச் செல்வதே அதன் முடிவாகலாம். வழுக்கியோ சட்டைப்பையில் அடங்கும். நமுனுகுலைச் சரிவிலோ ஹல்துமுல்லைப் பக்கத்திலோ உள்ள பிரிவொன்றுக்கு இதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் வழுக்கியிற் புள்ளி காணாமை நோயின்மைக்குச் சான்றாகாது. பிழைத்தெழுந்த மாடு கிருமியை வாழ்நாள் முழுதும் தன்னுட் கொண்டிருக்கலாம். அந்நிலையில் ஆயிரம் செங்குழியங்களில் ஒன்றேனும் தொற்றுற்றிராது. இத்தகைய காவிகளை அறியப் பிறபொருளெதிரியைத் தேடும் சோதனைகள் வகுக்கப்பட்டன. அவை முன்பு எப்போதோ பெற்ற தொற்றையும் இன்றைய நோயையும் பிரித்துக் காட்டா. கிருமியின் மரபுப்பொருளையே பெருக்கிக் காணும் பீசீஆர் முறை இவற்றினும் நுட்பமானது. அராபியாவிலும் வட ஆபிரிக்காவிலும் ஒட்டகங்களின் குருதியில் அனப்பிளாஸ்மா இனங்கள் அறியப்பட்டதில் இம்முறைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதற்குரிய கருவியும் இரசாயனமும் பேராதனை போன்ற ஆய்வுமையங்களுக்கு உரியனவேயன்றி, தோட்டத்துக்கு அண்மையிலுள்ள அலுவலகத்துக்கு உரியன அல்ல.

ஊவாவுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,230 மீற்றரிலும், பதுளை நகர் 680 மீற்றரிலும், மகியங்கனை 100 மீற்றர் அளவிலும் உள்ளன. குளிர் மிக்க மேட்டில் மாட்டுண்ணி குறைவு. வெப்பமான தாழ்வில் மிகுதி. உண்ணி மிகுந்த இடத்தில் கன்று இளமையிலேயே தொற்றுப் பெற்று, பெரிதும் வருந்தாமல் எதிர்ப்பாற்றல் அடைகிறது. உண்ணியறியாது வளர்ந்த பசுவோ முதன்முறையாகத் தொற்றுறும்போது முதிர்ந்ததாயின் இறக்கவும் கூடும். ஆகவே மேட்டுத் தோட்டத்தில் வளர்ந்த பிரீசியன் கலப்புப் பசுவைக் கடன்பட்டு வாங்கித் தாழ்நிலத்துக்கு இறக்கும் குடும்பம், தான் அறியாமலே பெரும் ஆபத்தை விலைக்கு வாங்குகிறது. நோய் வெளிப்பட மூன்று நான்கு வாரமோ அதற்கு மேலுமோ செல்லுமாதலால், பழி உண்ணியின்மேல் விழாது. விற்றவன்மேலோ கண்ணேறின்மேலோ விழும்.

குருதியெடுக்கும் ஊசியையும் குறிப்பிடாமல் விடலாகாது. ஒரே ஊசியால் வரிசையாகப் பல மாடுகளைக் குத்தின், சோதனையே நோயைப் பரப்பும். மாட்டுக்கொரு புது ஊசி என்பது செலவு மிக்கதன்று. ஆயினும் அதனைக் கேட்டுப் பெறும் துணிவு, சேவையைச் சலுகையாகவே பெற்றுப் பழகிய மக்களுக்கு எளிதில் வருவதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோருக்கு அரச சேவை நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் வாயிலாகவே எட்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. தேயிலையைக் கணக்கிட்ட ஏடுகளில் தொழிலாளியின் பசுவுக்கு இடமிருக்கவில்லை.

வழுக்கியோடு அனுப்பும் துண்டில் பசுவின் வயது, காய்ச்சல் கண்ட நாள், சிறுநீரின் நிறம், ஏற்கெனவே இட்ட மருந்து ஆகியவற்றோடு, அது எத்தோட்டத்திற் பிறந்தது, எப்போது கீழே இறக்கப்பட்டது என்பனவும் எழுதப்படவேண்டும். நுணுக்குக்காட்டி இவ்விரண்டையும் காட்டாது. பசுவை வளர்க்கும் பெண்ணைக் கேட்டால் உடனே சொல்வாள்.