கால்நடைகளின் நடத்தையும் வைத்தியமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் மேய்ச்சலிலுள்ள மாடு நோயுற்றால், வைத்தியர் வந்தபின் நாலைந்து பேர் கூடி விரட்டிப் பிடிப்பதுண்டு. இது தவறு. மிரண்டோடிய பசுவின் நாடியும் உடற்சூடும் உயர்ந்துவிடும், 101.5 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி நிற்க வேண்டிய சூடு ஜுரம்போலத் தோன்றும். நாள்தோறும் தீனி வைப்பவரே அதனை முன்கூட்டி நிழலில் கட்டி, அமைதியாக விட்டுவைத்தல் நலம்.

நல்ல நிலையிலுள்ள மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் அசைபோடும். அது குறைந்தால் கவனிக்க வேண்டும். மேச்சேரி ஆடோ வலியை எளிதில் வெளிக்காட்டாது. மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பதை மேய்ப்பவனே முதலில் காண்பான். நாமக்கல்லில் 1985-ல் ஏற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியில் தேர்ந்த வைத்தியரும் இதனை அவனிடம் கேட்டே அறிய வேண்டியவராவர்.

சாதுவான பசு ஓயாது கதறிக் குரல் மாறி, எச்சில் ஒழுக, விழுங்கமாட்டாது நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கியதென்று கருதி வாயினுள் கைவிடுதல் பேராபத்து. நாய் கடித்ததை எவரும் கண்டிராவிடினும் அது வெறிநோயாக இருக்கலாம். அதன் பாலையும் உபயோகிக்கலாகாது. முன்னரே கைவிட்டவர் 15 நிமிஷம் சோப்பிட்டு நீரிற் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறிகள் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. கிராம அதிகாரிகள் செய்தியறிந்தவுடன், பிறர் அப்பசுவை நெருங்காது தடுத்து, கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்கக் கடவர்.